ஸ்டியரிங்கைத் தொடாமலேயே கோணம் மாறுகிறது: சென்சார் போய்விட்டதா?

கேள்வி (மேட்டுக்காடு): வணக்கம். 45 எச்பி டிராக்டர், டூ வீல் டிரைவ், பவர் ஸ்டியரிங் சிலிண்டர் முன் ஆக்சிலிலேயே இருக்கிறது. ஜிபிஎஸ் வைத்து டிராக்டரைத் தானாக நேர்கோட்டில் ஓட்டும் அக்ஓபன்ஜிபிஎஸ் (AgOpenGPS) மென்பொருள் போட்டிருக்கிறேன். முன் சக்கரம் திரும்பும் கோணம் பார்க்க, லேண்ட் ரோவரின் சஸ்பென்ஷன் உயர சென்சார். அதை முன்பக்க சேஸியில் பிராக்கெட் வைத்து முடுக்கி, ராடு வழியாக இடது நக்கிளோடு (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பாகம்) இணைத்தேன். சமதளத்தில் நன்றாக ஓடுகிறது. உழுத நிலத்தில் இறங்கினால் சால் பாம்பாக நெளிகிறது. திரையில் 3, 4 டிகிரி தானாக ஆடுகிறது. இடப்பக்கம் திருப்பும்போது காட்டும் கோணமும் வலப்பக்கத்தைவிட அதிகம். கெயினை (ஸ்டியரிங் எவ்வளவு வேகமாகத் திருத்த வேண்டும் என்ற அமைப்பு) குறைத்தால் நெளிவு மெதுவாகிறது, நிற்கவில்லை.

பதில் (பட்டறைக்காரர்): சென்சார் மேல் பழி போடாதீர்கள் தம்பி. முன் ஆக்சில் நடு பின்னில் ஊசலாடும், சேஸி ஆடாது. அதனால் ஒரு சக்கரம் மேட்டில் ஏறினாலே ராடு இழுபடும், கணினி அதைத் திருப்பம் என்று நம்பிவிடும். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிப் பாருங்கள். கோணம் நகர்ந்தால் அதுதான் காரணம். சென்சாரை ஆக்சில் பீம் மேலேயே மாற்றுங்கள். சென்சார் கையும் நக்கிள் பக்கத்துக் கையும் ஒரே நீளம் இருக்கட்டும். சக்கரம் நேராக நிற்கும்போது இரண்டும் இணையாக இருக்க வேண்டும். பால் ஜாயின்ட்டில் துளி ஆட்டம்கூட ஆகாது.

பதில் (ஒயர்மேன்): இடம் வலம் வித்தியாசம் பழுதில்லை. உள் சக்கரம் எப்போதும் அதிகம் திரும்பும். வீல்பேஸ் 2 மீட்டர், முன் சக்கர இடைவெளி 1.3 மீட்டர் என்று வையுங்கள். 4 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் உள் சக்கரம் சுமார் 31 டிகிரி, வெளிச் சக்கரம் 23. உங்கள் சென்சார் இடது சக்கரத்தில் இருப்பதால் இடத் திருப்பத்தில் கூடுகிறது. முதலில் வலப்பக்கம் வட்டம் அடித்து மென்பொருளில் டிகிரிக்கான கவுண்ட்டை (ஒரு டிகிரிக்கு சென்சார் எண் எவ்வளவு மாறுகிறது என்பது) சரிசெய்யுங்கள், அப்புறம் இடப்பக்கத்தை அக்கர்மேன் சதவீதத்தில் (உள், வெளிச் சக்கர வித்தியாசத்தை ஈடுகட்டும் அமைப்பு) குறையுங்கள். அதற்கு முன் கெயினைத் தொடவே வேண்டாம். சென்சார் ஒயரை ஸ்டியரிங்கைத் திருப்பும் மோட்டாரின் ஒயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள்.

மேட்டுக்காடு: ஜாக்கியில் தூக்கியதும் கோணம் நகர்ந்தது அண்ணா! பீமுக்கு மாற்றிவிட்டேன், இப்போது தூக்கினாலும் அசையவில்லை. சக்கரம் நேராக நிற்கும்போது சென்சார் நடு அளவான 2.5 வோல்ட்டுக்குப் பதில் 2.9 காட்டுகிறது, பரவாயில்லையா?

பட்டறைக்காரர்: மென்பொருளில் பூஜ்யம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு பக்கம் சென்சாரின் எல்லை சீக்கிரம் முட்டும். ராடு நீளத்தை மாற்றாமல், பிராக்கெட் துளையை நீளமாக்கி சென்சாரையே கொஞ்சம் சுழற்றி முடுக்குங்கள்.