எட்டுத் தடக் கூத்துப் பதிவை ஒலிக்கவிடும்போது மத்தளமும் சல்லரியும் விலகிப் போகின்றன

கேள்வி: படுவான்கரையிலிருந்து ஓர் ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வடமோடிக் கூத்தொன்று பழகி வருகிறார்கள். கூத்துப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியாருக்கு வயது போய்விட்டதால் ஒவ்வொரு நாளும் கூத்தாடும் களரிக்கு வந்து நின்று மத்தளம் அடிக்க அவரால் முடிவதில்லை. ஆகையால் எட்டு ஒலிவாங்கிகளை வைத்து அவருடைய மத்தளம், இரண்டாம் மத்தளம், சல்லரி என்னும் கைத்தாளம், அண்ணாவியாரின் பாட்டு, பிற்பாட்டுக்காரர் மூவர், ஆட்டக்காரரின் சதங்கை ஆகியவற்றை எட்டுத் தடங்களில் பதிவு செய்து வைத்திருக்கிறோம். வட்டக்களரியைச் சுற்றி எட்டு ஒலிபெருக்கிகளை வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு தடத்தை மட்டும் ஒலிக்கவிட வேண்டும். மத்தளம் பழகும் பிள்ளை வந்தால் அந்தத் தடத்தை மூடிவிட்டு அவனையே அடிக்கச் சொல்ல வேண்டும்.

இதற்காக ராஸ்பெரி பை 4 என்ற சிறிய கணினியொன்றை வாங்கி, அதன் நான்கு யூஎஸ்பி துவாரங்களிலும் விலை குறைந்த இருதட ஒலி அட்டைகளைச் செருகி, எட்டுத் தடங்களையும் நான்கு சோடிக் கோப்புகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் தொடக்கினேன். முதல் பத்து நிமிடம் ஒரு குறையும் இல்லை. அதன் பின்னர் சல்லரி மத்தளத்தை விட்டு மெல்ல விலகத் தொடங்குகிறது. சந்தேகத்தைத் தீர்ப்பதற்காக எல்லாக் கோப்புகளிலும் 40 ஆவது நிமிடத்தில் ஒரே கைதட்டலை ஒட்டி, களரியின் நடுவில் தொலைபேசியை வைத்துப் பதிந்து, அலைவடிவத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். முதலாம் அட்டையின் கைதட்டலுக்கும் இரண்டாம் அட்டையின் கைதட்டலுக்கும் இடையில் 110 மில்லிசெக்கன் இருந்தது. வேகமான நினைவக அட்டையை மாற்றியும், வேறு மின்வழங்கியைப் பூட்டியும் பயனில்லை. பிள்ளைகள் சதங்கை அணியும் சடங்குக்கு முன்னர் இதைச் சீர்செய்ய விரும்புகிறேன். பிழை எங்கே இருக்கிறது?

பதில் 1: கல்முனையிலிருந்து, மின்னணுப் பொருள் திருத்துபவர்

அஸ்ஸலாமு அலைக்கும் சேர். நீங்கள் அளந்து எழுதியிருப்பதால் விடை சொல்வது இலகுவாகிறது. பிழை ராஸ்பெரி பையிலும் இல்லை, நினைவக அட்டையிலும் இல்லை. ஒவ்வொரு யூஎஸ்பி ஒலி அட்டைக்குள்ளும் தனித்தனியாக ஒரு குவார்ட்ஸ் பளிங்கு இருக்கிறது. செக்கனுக்கு 48,000 மாதிரிகளை, அதாவது ஒலியை எண்களாக அளந்து வைத்த துணுக்குகளை, எந்த வேகத்தில் வெளியே தள்ளுவது என்பதை அதுவே தீர்மானிக்கிறது. எல்லாவற்றிலும் 48,000 என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் எந்த இரண்டு பளிங்குகளும் அச்சொட்டாக ஒரே வேகத்தில் அதிர்வதில்லை. 40 நிமிடம் என்பது 2,400 செக்கன். அதில் 110 மில்லிசெக்கன் விலகல் என்றால் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 46 பங்கு வித்தியாசம். மலிவான பளிங்குகளுக்கு இது குறையே அல்ல, அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான் இருக்கிறது.

ஆனால் காதுக்கு அது பெரிய குறை. நம்முடைய வெக்கையில், 30 பாகை என்று வைத்தால், ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் செல்லும். 110 மில்லிசெக்கன் என்பது சல்லரிக்காரரைக் களரியிலிருந்து 38 மீற்றர் தள்ளி நிறுத்தியதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் இருப்பவரோடு யாராலும் தாளம் சேர்க்க முடியாது.

கோப்பைச் சற்று நீட்டியோ சுருக்கியோ சரிக்கட்டலாம் என்று தோன்றும், செய்ய வேண்டாம். பளிங்கின் வேகம் வெப்பநிலையோடு மாறுவதால் மாலையில் சரிக்கட்டியது மறுநாள் மதியம் மறுபடியும் விலகும். எட்டுத் தடங்களும் ஒரே பளிங்கின் கீழ் வர வேண்டும், வேறு வழியில்லை.

நானாக இருந்தால் நாமே நிரல் எழுதி ஏற்றக்கூடிய டீன்சி 4.1 என்ற சிறிய மின்னணுப் பலகையில் கட்டுவேன். அதில் நினைவக அட்டைக்கான துவாரம் பலகையிலேயே இருக்கிறது. அதன் ஒலி நூலகத்தில் நான்கு தரவுக் கம்பிகளால் எட்டுத் தடங்களை வெளியே அனுப்பும் வசதியும் இருக்கிறது. ஒவ்வொரு கம்பிக்கும், எண்களை இருதட ஒலியாக மாற்றித் தரும் பிசிஎம் 5102ஏ பலகை ஒன்று என்று நான்கு பலகைகள் போதும். நான்குக்கும் கடிகாரக் கம்பிகள் பொது, ஆகவே எத்தனை மணித்தியாலம் ஓடினாலும் விலகல் என்ற பேச்சே வராது.

பதில் 2: ஏறாவூரிலிருந்து, ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர்

கல்முனைச் சகோதரர் சொன்ன காரணம் முற்றிலும் சரி. ஆயினும் ஆசிரியருக்கு நாள் போதாது. ராஸ்பெரி பை கையில் இருப்பதால், நான்கு அட்டைகளையும் கழற்றிவிட்டு 7.1 என்று விற்கும், எட்டு வெளியீடுள்ள ஒரேயொரு யூஎஸ்பி ஒலி அட்டையை வாங்கிச் செருகுங்கள். எட்டு வெளியீடுகளும் ஒரே அட்டையில், ஒரே பளிங்கில் ஓடும்.

வாங்கும் முன்னர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மலிவான 7.1 அட்டைகளில் பல, பழைய 12 மெகாபிட் வேக யூஎஸ்பியில் இயங்குபவை. அந்த வேகத்தில் ஒரு மில்லிசெக்கனுக்கு ஒரு பொதியில் 1,023 பைட்டுக்கு மேல் அனுப்ப முடியாது. எட்டுத் தடம், மில்லிசெக்கனுக்கு 48 மாதிரி, 16 பிட் என்றால் 768 பைட், அது அடங்கும். 24 பிட் என்றால் 1,152 பைட், அது அடங்காது. எனவே உங்கள் பதிவு 24 பிட்டில் இருந்தால் 16 பிட்டுக்கு மாற்றுங்கள். திறந்த களரியில் பழகுவதற்கு 16 பிட் தாராளமாகக் காணும்.

அடுத்தது தடங்களின் ஒழுங்கு. இதில் நான் ஒரு முழு இரவை இழந்திருக்கிறேன். வேவ் (WAV) ஒலிக்கோப்பின் வழக்கப்படி 3 ஆம், 4 ஆம் தடங்கள் நடு ஒலிபெருக்கிக்கும் தாழ்சுர ஒலிபெருக்கிக்கும் உரியவை. ராஸ்பெரி பையில் ஓடும் லினக்ஸின் ஒலி அமைப்பாகிய ஆல்சாவின் வழக்கப்படி 3 உம் 4 உம் பின்புறத்துக்கு உரியவை. இடையில் நிற்கும் மென்பொருள் எதை எதற்கு மாற்றும் என்பதை ஊகிக்க முடியாது. சில மென்பொருட்கள் தடங்களைக் கலந்தும் விடும். இயலுமானவரை நேரடியாக வன்பொருள் சாதனத்துக்கே ஒலியை அனுப்புங்கள். உங்கள் குரலில் "ஒன்று", "இரண்டு" என்று எட்டு வரை சொல்லி, ஒவ்வொரு சொல்லையும் அதற்குரிய தடத்தில் மட்டும் வைத்து ஒரு கோப்புச் செய்து ஒலிக்கவிட்டால், எந்தத் துவாரத்தில் எந்த எண் வருகிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எட்டு ஒலிபெருக்கிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். வெவ்வேறு வீடுகளிலிருந்து வயர் இழுத்தால் இரைச்சல் சேரும்.

பதில் 3: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு மாணவர்

டீன்சி வழியில் நான் சென்றிருப்பதால் இரண்டு விடயங்களைச் சேர்க்கிறேன். பிசிஎம் 5102ஏ பலகையில் எக்ஸ்எஸ்எம்டி என்ற முனை உயர் மின்னழுத்தத்தில் இருந்தால் மட்டுமே ஒலி வெளிவரும். சில பலகைகளில் அந்த இணைப்பைப் பின்புறத்தில் நாமே ஈயம் வைத்து மூட வேண்டும். நான் அதைக் கவனிக்காமல் நிரலில்தான் பிழை என்று நினைத்து இரண்டு வாரம் தேடினேன். கடைசியில் ஒரு துளி ஈயம் வைத்தவுடன் ஒலி வந்தது.

மற்றையது, எட்டுத் தடங்களை எட்டுக் கோப்புகளாக வைக்காதீர்கள். நினைவக அட்டை சில வேளைகளில் பல பத்து மில்லிசெக்கன் பதில் தராமல் நிற்கும்; எட்டு இடங்களுக்கு மாறி மாறித் தாவினால் அந்தத் தாமதங்கள் கூடும். மாதிரிகளை அடுத்தடுத்துக் கோத்த ஒரே கோப்பாக வைத்து, ஒரு முன்சேமிப்பு நினைவகத்தை இடையில் வையுங்கள். 44,100 மாதிரி, 16 பிட், எட்டுத் தடம் என்றால் செக்கனுக்கு 705,600 பைட். 256 கிலோபைட் ஒதுக்கினால் மூன்றில் ஒரு செக்கனுக்கு மேல் தாங்கும். கோப்பின் நீளத்தையும் பாருங்கள். வேவ் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எட்டுத் தடம் 24 பிட்டில் 48,000 என்றால் 62 நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும்.

கேட்டவர் மீண்டும்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நாள் குறைவு என்பதால் ஏறாவூர் அண்ணன் சொன்னபடி 7.1 அட்டையொன்றைத் தருவித்தேன். எண் சொல்லும் கோப்பை ஒலிக்கவிட்டபோது பச்சைத் துவாரத்தில் 1, 2; செம்மஞ்சளில் 3, 4; கறுப்பில் 5, 6; சாம்பலில் 7, 8 என்று வந்தன. முன்னரே தெரியாமல் இருந்திருந்தால் சல்லரி இருக்க வேண்டிய இடத்தில் பிற்பாட்டுக் கேட்டிருக்கும். ஒவ்வொரு வயரிலும் எண்ணை எழுதி ஒட்டிவிட்டேன்.

நேற்றுப் பின்னேரம் 40 நிமிடமும் ஓடவிட்டு அதே கைதட்டலை மறுபடியும் அளந்தேன். எட்டு ஒலிபெருக்கிகளிலிருந்தும் ஒரே தட்டாகக் கேட்டது. பின்னர் முதலாம் தடத்தை மூடிவிட்டு, மத்தளம் பழகும் பிள்ளையைக் களரிக்குள் நிற்கவிட்டோம். அண்ணாவியார் திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஓரிடத்தில் மட்டும் எழுந்து வந்து பிள்ளையின் கையைப் பிடித்துத் திருத்திவிட்டுப் போனார்.

அரங்கேற்றம் முடிந்த பிறகு டீன்சிப் பலகையில் கட்டிப் பார்க்க எண்ணியிருக்கிறேன். அக்கரைப்பற்றுத் தம்பி, நீங்கள் எழுதிய நிரலைப் பகிர முடியுமானால் இங்கேயே இடுங்கள்.