நல்லர்போர் லிங்க்ஸில் கோல்ஃப் ஆடியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. ஆஸ்திரேலியாவின் நல்லர்போர் சமவெளியில் இருக்கும் கோல்ஃப் மைதானத்துக்கு அப்பாவை அழைத்துப் போகத் திட்டமிடுகிறேன். செடூனாவிலிருந்து கல்கூர்லி வரை 1,365 கிலோமீட்டர், மொத்தம் 18 குழிகள். ஐர் நெடுஞ்சாலையில் ஊருக்கு ஊர், ரோட்ஹவுஸுக்கு ரோட்ஹவுஸ் (பெட்ரோல், சாப்பாடு, தங்குமிடம் உள்ள நெடுஞ்சாலை நிறுத்தம்) நின்று ஆட வேண்டும். 2009-இல் திறந்தது முதலே அப்பாவுக்கு இது கனவு.

என் பெரிய கவலை வண்டி ஓட்டுவதுதான். அந்தி சாய்ந்தால் கங்காருக்கள் சாலைக்கு வந்துவிடும், அதனால் பகலில் மட்டுமே ஓட்டப்போகிறேன். அப்படியானால் ஆட்டத்துக்கும் சேர்த்து ஐந்து நாள் போதுமா? அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, அவசரப்படுத்த மனமில்லை. இரவு தங்க எந்த ரோட்ஹவுஸ்கள் வசதியானவை? முன்பதிவு கட்டாயமா?

அப்புறம், செடூனாவில் எடுக்கும் வாடகைக் காரைக் கல்கூர்லியில் விட முடியுமா? மட்டைகளை அங்கேயே வாடகைக்கு எடுக்கலாமா, கொண்டுபோவது நல்லதா? பெரும்பாலான இடங்களில் கிரீன் (குழியைச் சுற்றியுள்ள பகுதி) செயற்கைப் புல், பந்து போகும் வழி கல்லும் புதருமான தரை என்பதால் நல்ல மட்டைகளைக் கொண்டுபோகத் தயக்கமாக இருக்கிறது.

மாநில எல்லையில் பழம், காய்கறி கொண்டுபோக முடியாது என்று தெரியும். வழியில் சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? ஆகஸ்ட் மாதம் போனால் வழியில் உள்ள ஹெட் ஆஃப் பைட் கடற்கரையில் திமிங்கிலங்களையும் பார்க்கலாம் என்பதால் அந்த மாதத்தைத்தான் யோசிக்கிறேன். போய்வந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.