பொருள்: ஆன்ட்டி-ஸ்குவாட் – தமிழில் எப்படிச் சொல்வது? (பழைய கார், டிராக் பந்தயம்)

தி.:

அனைவருக்கும் வணக்கம். பழைய கார்களை டிராக் பந்தயத்துக்கு (நேர்ப்பாதையில் கால் மைல் ஓட்டம்) தயார்செய்யும் கைநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். பின் சஸ்பென்ஷன் அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பினியன் கோணம் (பின் அச்சுக்குள் முறுக்கைக் கொண்டுபோகும் பற்சக்கரத்தின் சாய்வு), அச்சைக் காரோடு பிணைக்கும் அமைப்புகளான ஏணித்தண்டு (ladder bar), நாலிணைப்பு (four-link) என்று மற்றவற்றை ஒருவாறு ஒப்பேற்றிவிட்டேன். ஆன்ட்டி-ஸ்குவாட் மட்டும் உதைக்கிறது. கார் கிளம்பும்போது பின்பக்கம் தாழ்வது ஸ்குவாட். அதற்கு எதிராக இணைப்புத் தண்டுகளின் அமைப்பு தருவது ஆன்ட்டி-ஸ்குவாட். இப்போதைக்குப் ‘பின்தாழ்வுத் தடை’ என்று போட்டு வைத்திருக்கிறேன். அட்டவணைத் தலைப்பில் வருவதால் சொல் குட்டையாக இருந்தால் நல்லது.

இரா.:

‘தாழ்வுத் தடை’ சீர்திருத்த மாநாட்டுத் தீர்மானம் போல இருக்கிறது, ஐயா. கண்முன்னே ‘குந்து’ இருக்க ஏன் அலைய வேண்டும்? குந்து + எதிர்ப்பு = குந்தெதிர்ப்பு. குற்றியலுகரம் தானே ஓடிவிடும், புணர்ச்சியில் சிக்கல் இல்லை. மலையாளத்தில் ‘குந்திச்சிரிக்குக’ இன்றும் வழக்கில் உண்டு. ஆகவே இது நேற்று முளைத்த கொச்சை அல்ல. குந்து, குத்து, குத்தவை எல்லாம் ஒரே வேர் என்பது என் கணிப்பு. உடலை மடக்கி நிலத்தில் ஊன்றுவதுதான் அடிப்பொருள். குந்தம் என்ற வேலும் நிலத்தில் ஊன்றப்படுவதுதானே?

செ.:

குந்தத்தை வடமொழி என்பார் உண்டு, அதில் இறங்கினால் வெள்ளிக்கிழமை போய்விடும். என் மறுப்பு வேறு. குந்து பேச்சுவழக்கு. மாணவர் சிரிப்பார். நம்மிடம் வண்டி பற்றிய சொல்வளத்துக்குப் பஞ்சமா? உப்பு வணிகரான உமணர் வண்டியில் மாற்றாகக் கட்டிய சேம அச்சை மறந்துவிட்டோமா? ‘அவல் இழியினும் மிசை ஏறினும்’ என்ற புறநானூற்று அடியிலேயே வண்டி தாழ்வதும் எழுவதும் இருக்கின்றன. இழிவெதிர்ப்பு என்றால் பொருள் திரிந்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். ‘மிசையேற்று’ என்று ஆக்கலாம். ஏற்று என்பது பெயராகவும் நிற்கும், வினையாகவும் நிற்கும்.

ப.:

சேம அச்சு அருமையான சொல். ஆனால் இங்கே உதவாது. மாட்டுவண்டியில் இழுவிசை நுகத்தில் விழுகிறது. சக்கரம் அச்சில் சும்மா சுழல்கிறது, அச்சுக்கு முறுக்கே கிடையாது. நாம் பேசும் காரில் எஞ்சினின் முறுக்கு பின் அச்சுக்குள் போய் அங்கிருந்து காரைத் தள்ளுகிறது. சிக்கல் முழுவதும் அந்த முறுக்கின் எதிர்வினையில்தான்.

அதைவிட முக்கியமானது ஒன்று. இது வெறும் ‘எதிர்ப்பு’ அல்ல, ஒரு விகிதம். பக்கவாட்டுப் படத்தில் மேல் தண்டு, கீழ்த் தண்டு இரண்டின் கோடுகளையும் முன்னோக்கி நீட்டினால் அவை வெட்டும் இடம் கணமையம் (instant center). பின் டயர் தரையைத் தொடும் புள்ளியிலிருந்து, முன் அச்சுக்கு நேர்மேலே காரின் ஈர்ப்புமைய உயரத்தில் இருக்கும் புள்ளிக்கு ஒரு கோடு இழுங்கள். அதுதான் 100 சதவீதக் கோடு. சக்கர இடைத்தொலைவு 108 அங்குலம், ஈர்ப்புமையம் 20 அங்குல உயரம் என்று வைப்போம். கணமையம் பின் அச்சுக்கு 50 அங்குலம் முன்னே இருந்தால், அந்த இடத்தில் கோட்டின் உயரம் 50 × 20 ÷ 108, ஏறத்தாழ 9.3 அங்குலம். கணமையம் சரியாக அங்கே நின்றால் பின்பக்கம் தாழவும் தாழாது, எழவும் எழாது. அதற்குக் கீழே என்றால் தாழும். மேலே, அதாவது 120, 140 சதவீதம் என்று போனால் கிளம்பும்போது காரின் பின்பக்கம் எழும். எழும் காரை ‘குந்தெதிர்ப்பு 140’ என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன புரியும்?

மொழிபெயர்ப்பில் இன்னொன்றும் கவனியுங்கள். பின் டயருக்கு மாறும் எடையின் அளவு இதனால் கூடிவிடாது. அதைத் தீர்மானிப்பவை உந்துவிசை, ஈர்ப்புமைய உயரம், சக்கர இடைத்தொலைவு ஆகிய மூன்றுதான். அந்த எடை ஸ்பிரிங் வழியாக மெதுவாகப் போகிறதா, தண்டுகள் வழியாக உடனே போகிறதா என்பது மட்டுமே மாறுகிறது. விகிதம் அளவுக்கு மீறினால் டயர் முதலில் ஓங்கி அழுந்தும். பின்பக்கம் எழுந்து முடிந்த நொடியில் பிடி விட்டுச் சுழலும். அப்போது கணமையத்தை இறக்க வேண்டும், அல்லது பின் ஷாக் அப்சார்பர் விரியும் வேகத்தைக் குறைக்க வேண்டும். தண்டு மாட்டும் பிராக்கெட்டில் ஒரு தடவைக்கு ஒரு துளைதான் மாற்ற வேண்டும். பிறகு ஒரு ஓட்டம், முதல் 60 அடி நேரத்தைப் பார்த்துவிட்டு அடுத்தது. துளை மாற்றினால் பினியன் கோணமும் நகர்ந்திருக்கும், அதை மீண்டும் அளக்காமல் ஓட்டக் கூடாது.

இரா.:

> எழும் காரை ‘குந்தெதிர்ப்பு 140’ என்று எழுதினால்

ஆங்கிலக்காரனும் அதைத்தான் எழுதுகிறான். அவன் சொல்லில் உள்ள குறையை நாம் ஏன் தீர்த்துவைக்க வேண்டும்?

செ.:

கணமையத்தில் ‘கணம்’ வடசொல். நொடிமையம் எனலாமே.

தி.:

நொடிமையம் வேண்டாம் ஐயா, அளவை விநாடியில் சொல்லும் நூலில் குழப்பும். கணமையம் நிற்கட்டும். ப. அவர்களிடம் ஒரு கேள்வி. லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) உள்ள கார்களுக்கு அத்தியாயத்தில் வேறு சொல் வருகிறது, ஆக்சில் ராப். அதுவும் இதுவும் ஒன்றா?

ப.:

ஒன்றல்ல, கலந்துவிடாதீர்கள். லீஃப் ஸ்பிரிங்கில் தனித்தண்டு இல்லை. அச்சைத் தாங்குவதும் பட்டைதான், முறுக்கைத் தாங்குவதும் பட்டைதான். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் அச்சின் ஹவுசிங் (கூடு) சக்கரத்துக்கு எதிர்த்திசையில் திரும்பும், அதன் முன்முனையான பினியன் மூக்கு மேலே ஏறும், பட்டையின் முன்பாதி ஆங்கில எஸ் வடிவில் வளையும். டயர் வழுக்கியதும் பட்டை விடுபட்டுத் திரும்பும். மறுபடி பிடிக்கும், மறுபடி வளையும். சக்கரம் துள்ளுவது இதனால்தான். முதலில் உடைவது யூனிவர்சல் ஜாயின்ட்.

1967 ஷெவ்ரலே கமாரோ கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒற்றைப் பட்டைதான், துள்ளலுக்குப் பேர்போனது. 1968-இல் ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை அச்சுக்கு முன்னும் ஒன்றைப் பின்னும் வைத்தார்கள். கிரைஸ்லர் கார்களில் அச்சு பட்டையின் நடுவுக்கு முன்னே இருக்கும். முன்பாதி குட்டை, ஆகவே விறைப்பு, வளைவு குறைவு.

பழைய முறையில் இதற்கு மாற்று, அச்சின் அடியில் யூ போல்ட் தகட்டோடு மாட்டும் அறைதண்டு (slapper bar). அதன் முன்முனை ரப்பர், பட்டையின் முன்கண்ணுக்கு (முன்முனை வளையத்துக்கு) நேர் கீழே முட்ட வேண்டும். கண்ணுக்குப் பின்னே முட்டினால் பட்டையையே வளைத்துவிடும், போட்டும் பயனில்லை. தொடக்க இடைவெளி இடப்பக்கம் அரை அங்குலம், வலப்பக்கம் கால் அங்குலம். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முறுக்கு வலச் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும், அதனால் அந்தப் பக்கம் முந்திக்கொண்டு அழுந்த வேண்டும்.

பினியன் கோணத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஓட்டத்தில் மூக்கு ஏறும் என்பதால், நிற்கும்போது புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோட்டுக்கு 5 முதல் 7 பாகை தாழ்த்தி வைப்பார்கள். ஏணித்தண்டிலும் நாலிணைப்பிலும் 1 முதல் 2 பாகை போதும், அங்கே வளைய ஒன்றுமில்லை. அளக்கும்போது காரின் எடை சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். ஜாக்கியில் அச்சு தொங்க அளந்தால் அந்த எண்ணால் பயனில்லை. திருத்த ஹவுசிங்குக்கும் பட்டைக்கும் இடையே ஆப்பு. பட்டை அச்சுக்குக் கீழே உள்ள காரில் ஆப்பின் தடித்த பக்கம் பின்னே இருந்தால் மூக்கு தாழும். ஆப்பு வைத்த பிறகு நடுபோல்ட்டின் தலை குழியில் உட்காருகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால் நீளமான போல்ட் போட வேண்டும், இல்லையென்றால் அச்சு பட்டையின் மேல் நகர்ந்துவிடும்.

இரா.:

ஆப்பு! இத்தனை கடிதத்தில் யாரும் மறுக்காத ஒரே சொல். ஆக்சில் ராப்புக்கு ‘பட்டைமுறுக்கம்’ என்று போடுங்கள், அச்சு முறுகுவதில்லை, பட்டைதான்.

செ.:

அது சரி. விகிதம் என்று ப. சொன்னதை ஏற்கிறேன். அப்படியானால் ‘எழுமை விகிதம்’.

இரா.:

எழுமை என்றாலே ஏழு பிறப்புதான் நினைவுக்கு வரும். ஒரு பிறவிக்கே கால் மைல்தான் ஓடுகிறது.

மா.:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ‘பின்தாங்கு விகிதம்’ எப்படி? 100 என்றால் தண்டுகள் முழுச் சுமையையும் தாங்குகின்றன, 60 என்றால் மீதி 40 ஸ்பிரிங்குக்கு, 140 என்றால் தேவைக்கு மேல் தாங்கித் தூக்குகின்றன. ப. சொன்ன இயக்கவியலுக்கு இதுதான் பொருந்தும்.

ப.:

பொருள் சரி, இதுவரை வந்ததில் இதுதான் சரி. ஆனால் காருக்கு அடியில் படுத்திருப்பவன் காதில் ‘தாங்கு’ என்று விழுந்தால் பேரிங் என்றுதான் நினைப்பான், தாங்கி என்று பள்ளியில் படித்திருக்கிறான். குந்து என்றால் கேட்டதும் புரியும். எனக்குக் குந்தெதிர்ப்பு பிடிக்கவில்லை, ஆனாலும் அதற்கே என் வாக்கு.

தி.:

மூன்றுக்கு இரண்டு என்று கொள்கிறேன். குந்தெதிர்ப்பு விகிதம். முதல் வரவில் ஆன்ட்டி-ஸ்குவாட் என்பதும் பக்கத்தில் இருக்கும், 100-க்கு மேல் பின்பக்கம் எழும் என்பதை அட்டவணைக்குக் கீழேயே ஒரு வரியாகச் சேர்க்கிறேன். மா. அவர்களின் சொல்லைச் சொல்லடைவில் மாற்றாகக் கொடுக்கிறேன்.

செ.:

என் மறுப்பைப் பதிவு செய்க. விகிதத்துக்கு நிகர் எதிர்ப்பு அல்ல. மேலும் ‘விகிதம்’ வடசொல், ‘வீதம்’ பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.