ஸ்ட்ரெஸ் எக்கோ எடுத்தவங்க அனுபவம் சொல்லுங்க

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். சில ராத்திரி நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிற மாதிரி படபடப்பு. ஈசிஜி எடுக்கப் போனால் மட்டும் இதயம் சமர்த்தாக இருக்கும். கடைசியில் ஸ்ட்ரெஸ் எக்கோ எழுதிக் கொடுத்தார்கள்; இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து ஸ்கேனில் (எக்கோ) பார்க்கிற டெஸ்ட்.

முதலில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஜில்லென்று ஜெல் தடவி ஓர் எக்கோ. அப்புறம் ட்ரெட்மில். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏற்றமும் கூடும். 220-இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதம் வரை துடிப்பு ஏறவேண்டுமாம். எனக்கு வயது 58, ஆக 138. அதைத் தொட்டதும் "படுங்க சார், படுங்க!" என்று கிட்டத்தட்ட இழுத்துப் போட்டார்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் படம் எடுக்காவிட்டால் இதயம் நிதானத்துக்கு வந்துவிடும். நாய் மாதிரி இரைக்கிறவனிடம் "மூச்சை வெளிய விட்டு அப்படியே நிறுத்துங்க" என்றால் எப்படி?

அடைப்புக்கான அறிகுறி இல்லை என்றார்கள். சந்தோஷமாகச் சட்டையை மாட்டினேன். டாக்டர் விடவில்லை. இதயத்தின் இடது மேலறை 4.6 சென்டிமீட்டர், 4-க்குள் இருக்கவேண்டியது. ஓடிய பிறகு அதில் அழுத்தமும் ஏறுகிறது. "பிபியை ரொம்ப வருஷம் கண்டுக்கலையா?" என்றார். கண்டுக்கவில்லைதான். கீழறை விறைத்துப்போனால் மேலறை முக்கி முக்கித் தள்ளி நாளடைவில் விரிந்துவிடும். விரிந்த சுவரில் மின்துடிப்பு தறிகெட்டு ஓட வாய்ப்பு அதிகம். அதுதான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். வந்தே தீரும் என்று எக்கோ சொல்லாது, தேடிப் பார் என்று சொல்லும். ஏழு நாள் ஹோல்டர் மாட்டினார்கள்; உடம்போடு இருந்து துடிப்பை விடாமல் பதிவுசெய்கிற சின்னக் கருவி. நாலாம் நாள் விடிகாலையில் சிக்கியது. பக்கவாதம் வராமலிருக்க, இப்போது ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை.

---

அம்மாவுக்கு 71. முட்டிவலி, நடக்கவே முடியாது. அதனால் டோபுடமின் மருந்தை நரம்பில் ஏற்றித் துடிப்பைக் கூட்டினார்கள். பாதியிலேயே திரையில் கோடு தாறுமாறாக ஓட, எனக்குக் கை கால் உதறல். மருந்தை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் தானாகச் சீரானது. அந்த மருந்தே சில பேருக்கு அப்படித் தூண்டிவிடுமாம்; அதை மட்டும் வைத்து நோய் என்று முத்திரை குத்த முடியாது என்றார் டாக்டர்.

---

நான் துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரையைப் போட்டுக்கொண்டே போய்விட்டேன். என்ன ஓடியும் துடிப்பு 110-ஐத் தாண்டவில்லை, டெஸ்ட் வீண். நிறுத்தணுமா, எத்தனை நாள் என்று முன்னாடியே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்னொன்று, வேட்டியில் போகாதீர்கள். வார்டு பாயிடம் பேண்ட் கடன் வாங்கி ஓடியவன் நான்.