வெடிக்குப் பிறகுதான் நாயின் வேலை தெரிந்தது

மூஸ் என்ற மிகப் பெரிய மானை நோர்வேயில் எல்க் என்பார்கள். நான் முதன்முதலில் எல்க் வேட்டைக்குப் போனது ஓஸ்டர்டாலன் பக்கத்துக் காட்டுக்கு, வேலையிடத்து நண்பர் ஒருவரின் குழுவோடு. வேட்டைப் பரீட்சை பாஸாகி, 100 மீற்றர் தூரத்தில் கலைமான் உருவத்தின் மேல் 5 வெடியும் வட்டத்துக்குள் வைத்துக் காட்டிவிட்டுத்தான் போனேன். நாய்களைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது. நாய் துரத்தும், நாங்கள் சுடுவோம் என்று நினைத்திருந்தேன்.

அந்த நாய் துரத்தவே இல்லை. எல்க்ஹுண்ட் என்ற எல்க் வேட்டை நாய் இனம், சாம்பல் நிறம், சுருண்ட வால், கழுத்தில் ஜிபிஎஸ் பட்டி. விடியற்காலையில் அவிழ்த்துவிட்டார்கள், சத்தமில்லாமல் மரங்களுக்குள் மறைந்துவிட்டது. அங்கே ஓநாயும் உண்டு என்பதால் நாய்க்காரர் கையிலிருந்த திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துச் சரிவிலிருந்து குரைப்புக் கேட்டது. ஒரே இடத்தில், ஒரே தாளத்தில். "நிறுத்தி வைத்திருக்கிறது" என்று பக்கத்தில் நின்ற பெரியவர் காதோடு சொன்னார்.

400 கிலோ மிருகம் 20 கிலோ சொச்சம் நாய்க்குப் பயந்து ஓடாது. நின்று முறைக்கும், முன்னங்காலால் உதைக்கப் பார்க்கும். கெட்டிக்கார நாய் கிட்டப் போய்ச் சீண்டாது, விட்டு விலகவும் செய்யாது. எல்க்கின் கவனம் முழுக்க நாயின் மேல் இருக்கும்போது, நாய்க்காரர் மட்டும் எதிர்க்காற்றில் அடிமேல் அடி வைத்து நெருங்குவார். நாங்கள் ஆளுக்கொரு இடத்தில் காவல்.

அன்றைக்குக் காற்று திரும்பிவிட்டது. குரைப்பு அறுந்தது, எல்க் ஓட்டமெடுத்தது. எனக்கு அடுத்த காவலில் நின்றவர் வெடி வைத்தார். பட்டது, ஆனால் பின்னுக்குப் பட்டுவிட்டது. நான் எழுந்து ஓடப் பார்த்தேன். குழுத் தலைவர் வோக்கிடோக்கியில் ஒரே சொல்: "இருங்கள்."

காயப்பட்ட எல்க்கைத் துரத்தாவிட்டால் கொஞ்சத் தூரத்திலேயே படுத்துவிடும். துரத்தினால் வலியோடு மைல் கணக்கில் போகும். அதனால் நாயைப் பிடித்துக் கட்டிவிட்டுக் காத்திருந்தோம். கோப்பி ஊற்றித் தந்தார்கள், எனக்கு இறங்கவில்லை. வெடி வைத்தவர் தலை நிமிரவேயில்லை.

இங்கே எல்க், செம்மான், ரோ மான் என்ற சிறிய மான், எதை வேட்டையாடுவதானாலும், தேடுவதற்கென்று பரீட்சையில் தேறிய நாய் ஒன்று கைவசம் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு வந்தது வயதான பெட்டை நாய். நீளமான வாரில் கட்டி, வெடி பட்ட இடத்தில் கிடந்த மயிரை மணக்கவிட்டார்கள். எங்கள் கண்ணுக்குப் பாசியில் ஒரு சொட்டு இரத்தம்கூடத் தெரியவில்லை. அது அவசரமே படாமல், மூக்கை நிலத்தில் வைத்து நடந்தது. ஓடையில் ஒருமுறை தடம் தவறி வட்டமடித்து, திரும்பப் பிடித்தது. சதுப்பு ஓரத்தில், விழுந்த மரத்துக்குப் பின்னால் எல்க் செத்துக் கிடந்தது. நாய்க்காரர் முழங்காலில் இருந்து நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். வெடி வைத்தவர் அழுதார்.

அப்புறம்தான் நான் துவக்கை விட நாயைப் பழக்குவதில் நேரம் செலவழிக்க ஆரம்பித்தேன். உங்களுடைய அனுபவங்களையும் எழுதுங்கள்.

* * *

அண்ணா, அந்தக் காத்திருப்பு எனக்கும் தெரியும். நான் போவது ரோ மானுக்கு, டாக்ஸ்ஹுண்ட் நாயோடு. ரோ மானைத் துரத்தும் நாய் தோளுயரத்தில் 41 சென்டிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது என்று நோர்வேயில் விதி. நல்ல விதி. கால் குட்டையென்றால் மெதுவாகத்தான் வரும், மான் வெருண்டு ஓடாது. நாய்க்கு முன்னால் போய், நின்று, காது கொடுத்துக் கேட்டு, பழகிய பாதையில் சுற்றித் திரும்பி வரும்.

போன கார்த்திகையில் அப்படித்தான் ஒரு பெண் மான் என் முன்னால் வந்து நின்றது. 30 மீற்றர்கூட இராது. துவக்கைத் தூக்கிவிட்டேன். பின்னாலேயே குட்டி வந்தது. தாயைச் சுட்டுக் குட்டியைத் தனியே விடக்கூடாது, குட்டியோ தாயின் மறைப்பில் நின்றது. துவக்கை இறக்கினேன். இரண்டும் வேலியைத் தாண்டிப் போய்விட்டன.

கொஞ்ச நேரம் கழித்து என் நாய் குரைத்துக்கொண்டே அதே தடத்தில் வந்தது. வயிறெல்லாம் பனி உருண்டை. தூக்கி ஜாக்கெட்டுக்குள் வைத்தேன், வேலிப் பக்கம் பார்த்து இன்னும் முனகிக்கொண்டிருந்தது.