சிவப்பு நூல் கட்டின சல்லடை

குழு: பாளை வீடு
ஞாயிறு

அம்மா: ஏட்டி முத்து, பார்சல் வந்ததா? இடியாப்ப மாவு, இட்லிப் பொடி, கருவாடு எல்லாம் உடையாமல் இருந்ததா?

நான்: புதன்கிழமையே வந்துவிட்டது அம்மா. அன்றைக்கே இடியாப்பம் அவித்து, சொதி வைத்துச் சாப்பிட்டேன். டின் தேங்காய்ப்பால்தான், ஆனாலும் நம் வீட்டு வாசனை வந்தது.

நான்: அப்புறம் மூன்று நாள் படுத்துவிட்டேன். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அம்மா: என்னது? வயிறா?

நான்: வயிறு உப்பல், பேதி, தலைவலி. ஊரில் இருந்தபோது வருமே, அதே கதை. இப்போது பரவாயில்லை.

அம்மா: நான் அரிசி மாவுதானே அனுப்பினேன்! ஒரு பொட்டுக் கோதுமை சேர்க்கவில்லையே.

பெரிய மாமா: ஜெர்மனித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு சிட்ரிசின் போட்டுப் படு, சரியாகிவிடும்.

மதினி: சிட்ரிசின் இதற்குக் கேட்காது. முத்துவுக்கு இருப்பது அலர்ஜி இல்லை, சீலியாக். கோதுமை, பார்லி, ரை இந்த மூன்று தானியத்திலும் இருக்கிற குளூட்டன் என்கிற புரதம் உள்ளே போனால் உடம்பே தன் சிறுகுடலைத் தாக்கும். சத்தை உறிஞ்சுகிற இடம் தேய்ந்துபோகும். அதனால்தான் இரண்டு வருடம் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியும் இவளுக்கு ரத்தம் ஏறவில்லை.

மதினி: அத்தை, மாவு எங்கே திரித்தீர்கள்?

அம்மா: எங்கே திரிப்பேன், தெருமுனை மில்லில்தான். கூட்டம்கூட இல்லை. எனக்கு முன்னால் ஒரே ஒரு ஆள்.

மதினி: அவர் என்ன கொண்டுவந்திருந்தார்?

அம்மா: சப்பாத்திக் கோதுமை.

அம்மா: ஐயோ.

மதினி: அதுதான். முன்னால் திரித்த மாவு கல்லிலும் வாயிலும் நிற்கும், அடுத்து வருகிற மாவோடுதான் இறங்கும். குளூட்டன் இல்லை என்று பாக்கெட்டில் போட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நம் நாட்டிலும் அங்கேயும் அதே கணக்குத்தான். ஒரு கிலோ அரிசி மாவில் ஒரு நல்ல சிட்டிகைக் கோதுமை மாவு விழுந்தாலே அது தாண்டிவிடும்.

அம்மா: பிள்ளைக்கு நானே விஷத்தை அனுப்பியிருக்கிறேன்.

நான்: அம்மா, அழாதே. எனக்கே தோன்றவில்லை. வீட்டு மாவு என்றதும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிற புத்தி போய்விட்டது. பாக்கெட்டே இல்லையே, மஞ்சள் பைதானே!

தென்காசி சித்தி: இட்லிப் பொடியும் அந்த மில்தானா அக்கா?

அம்மா: இல்லை, பொடி வீட்டு மிக்ஸியில். உளுந்து, எள், வற்றல், உப்பு, பெருங்காயம். அவ்வளவுதான்.

மதினி: பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள் அத்தை.

அம்மா: எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. இரு, கண்ணாடி எடுத்து வருகிறேன்.

அம்மா: கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம் என்று இருக்கிறது. கோதுமை மாவா? பெருங்காயத்திலா?

மதினி: கூட்டுப் பெருங்காயம் என்றால் அப்படித்தான். சிலர் அரிசி மாவு சேர்ப்பார்கள், பலர் கோதுமையோ மைதாவோ சேர்ப்பார்கள். கட்டியாக இருந்தாலும் நம்பக் கூடாது. பால் பெருங்காயம் கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் பெருங்காயமே வேண்டாம்.

பெரிய மாமா: நம் ஊர்ச் சாப்பாட்டையே சந்தேகப்படச் சொல்கிறீர்கள். அந்த ஊர் முழுக்க ரொட்டி, அங்கே மட்டும் எப்படிப் பிழைக்கிறாளாம்?

நான்: உண்மையைச் சொன்னால் கடையில் வாங்குவது இங்கே சுலபம், மாமா. ஐரோப்பா முழுக்க 14 பொருளுக்குச் சட்டம் இருக்கிறது. குளூட்டன் உள்ள தானியம், கடலை, பால், முட்டை, எள், சோயா, மீன் எல்லாம் அதில் அடக்கம். சேர்த்திருந்தால் பட்டியலில் தனியாகத் தெரிகிற மாதிரி அச்சடித்தாக வேண்டும், பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும். நான் ஜெர்மன் படித்ததே அந்த எழுத்தில்தான். வைட்சன் என்றால் கோதுமை, கெர்ஸ்டே பார்லி, ரோக்கன் ரை. டிங்கெல் என்று ஒன்று உண்டு. "இது கோதுமை இல்லை, நீ சாப்பிடலாம்" என்று அறைத்தோழி ஆசையாக நீட்டினாள். அது கோதுமையின் அண்ணன் தம்பி. குளூட்டன் அப்படியே இருக்கிறது.

நான்: புக்வைட்சன் என்று ஒரு மாவு. பேரில் வைட்சன் இருக்கிறதே என்று ஒரு மாதம் தொடவே இல்லை. பார்த்தால் அது கோதுமை இனமே இல்லை! குளூட்டன் ஃப்ரீ குறி உள்ள பாக்கெட் வாங்கி, இப்போது வாரம் இரண்டு நாள் அதில்தான் தோசை.

தென்காசி சித்தி: பேரில் கோதுமை, பொருளில் இல்லை. நம் அல்வாவுக்குப் பேரில் இல்லை, பொருளெல்லாம் சம்பா கோதுமை. வகுப்பில் சொல்ல ஒரு உதாரணம் கிடைத்தது.

பெரிய மாமா: அல்வா என்றதும்தான் ஞாபகம். அடுத்த மாதம் என் சிநேகிதர் மகன் ஜெர்மனி வருகிறான். அவனிடம் அரைக் கிலோ கொடுத்துவிடலாம் என்று இருந்தேன்.

நான்: மாமா!

பெரிய மாமா: கோதுமையைப் பால் எடுத்துத்தானே கிண்டுகிறார்கள்? சக்கையைத் தூர எறிந்துவிடுகிறார்களே.

மதினி: பாலில் போதும் போதும் என்கிற அளவுக்கு மிச்சம் இருக்கும். வேண்டவே வேண்டாம்.

பெரிய மாமா: சரி, தூத்துக்குடி மக்ரூன்? முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு. மாவே கிடையாது.

மதினி: அதே பேக்கரியில் கேக்குக்கு மைதா சலிப்பார்களே.

பெரிய மாமா: நான் இனிமேல் வாயைத் திறக்கவில்லை. கோவில்பட்டிக் கடலை மிட்டாயாவது?

நான்: அது போன தடவை நீங்கள் அனுப்பினது இன்னும் என் பெட்டியில் பூட்டி இருக்கிறது. பக்கத்து அறைப் பெண்ணுக்குக் கடலை அலர்ஜி. அவளுடையதுதான் நிஜ அலர்ஜி. நிமிடத்தில் தொண்டை அடைத்துவிடும், அட்ரினலின் ஊசிப் பேனா இல்லாமல் வெளியே போகமாட்டாள். ஐந்து பேருக்கு ஒரே அடுக்களை. நான் அவளுக்காகக் கடலையைப் பூட்டுகிறேன், அவள் எனக்காக ரொட்டித் தூளைத் துடைக்கிறாள்.

ஆச்சி (மதினி தட்டுகிறேன்): அடுக்களையில் பாத்திரமெல்லாம் பொதுவா?

நான்: இல்லை ஆச்சி. தோசைக்கல், மரக்கரண்டி, வடிதட்டு மூன்றும் எனக்குத் தனி. மரத்திலும் ஓட்டையிலும் மாவு ஒட்டினால் கழுவினாலும் போகாது. டோஸ்டர் பக்கமே போவதில்லை. வடிதட்டில் "தொடாதே" என்று தமிழில் எழுதி ஒட்டினேன். யாருக்கும் புரியவில்லை. மறுநாள் அதில் மக்ரோனி வடிந்துகொண்டிருந்தது. அப்புறம் ஜெர்மனில் எழுதினேன்.

அம்மா: மத்தியானம் காலேஜ் கேன்டீனில் சாப்பிடலாம்தானே?

நான்: ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் எழுத்தோ எண்ணோ போட்டு என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் கரண்டி ஒன்றுதான். குழம்பை மாவு கரைத்து ஊற்றி இறுக்குவார்கள். உருளைக்கிழங்கு வறுவல் பாவம், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் ரொட்டித்தூள் தோய்த்த இறைச்சி பொரிந்த எண்ணெயிலேயே அதுவும் பொரிகிறது. நான் உளுந்தம்பருப்புச் சோறு கட்டிக்கொண்டு போகிறேன்.

ஆச்சி (மதினி தட்டுகிறேன்): நான் வாக்கப்பட்டு வந்த காலத்தில் இந்த வீட்டில் கோதுமையே கிடையாது. கம்பு, குதிரைவாலி, நெல்லுச்சோறு. உரலில் இடித்தோம். இவளுக்கு அந்தக் காலம்தான் சரி.

நான்: ஆச்சியை இங்கே அனுப்பிவையுங்கள்.

அம்மா: சரி, அந்தச் சிநேகிதர் மகனிடம் புது மாவு கொடுத்துவிடுகிறேன். அரிசியைக் களைந்து, நிழலில் உலர்த்தி, வீட்டு மிக்ஸியிலேயே திரிக்கிறேன். புதுச் சல்லடை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், வேறு மாவு படாமல் சிவப்பு நூல் கட்டி. நெய் ஒரு பாட்டில் வைக்கவா? கறிவேப்பிலை?

நான்: நெய் கூடாது அம்மா. பால் பொருளும் இறைச்சியும் வெளியிலிருந்து கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்குச் சான்றிதழ் கேட்பார்கள். கருவாடு 20 கிலோ வரை கொண்டுவரலாம்.

பெரிய மாமா: 20 கிலோவா! விமானத்தில் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?

அப்பா: அந்தச் சிவப்பு நூல் சல்லடை, அடுக்களை ஆணியில் தொங்கினதுதானே?

அம்மா: ஆமாம். ஏன்?

அப்பா: நேற்று ராத்திரி சப்பாத்திக்கு மாவு சலித்தேன். நன்றாகத்தான் சலித்தது.

அம்மா: முத்து, நான் டவுனுக்குப் போய்விட்டு வந்து பேசுகிறேன். இன்னொரு சல்லடை வாங்க வேண்டும்.