அரசுத் தகவலைத் தேடி அலைந்த கதை: உங்களுக்கு என்ன நடந்தது?

செந்தாழை:
முதுகலை ஆய்வேட்டுக்காகக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கிராமவாரி எழுத்தறிவைத் தேடினேன். 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன, நம்முடையது மட்டும் இல்லை. ஒரு வாரம் தேடிவிட்டு நெறியாளரிடம் போய், "சார், நம்ம மாவட்டத்தை மட்டும் ஏத்தவே இல்லை" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "2011ல நீ எந்த மாவட்டத்துல இருந்தம்மா?"

என் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலேயே விழுப்புரம் என்றுதான் இருக்கிறது! பிரித்தது 2019ல். அந்தக் கண்ணாடித் துடைப்பு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இப்போது விழுப்புரம் கையேட்டிலிருந்து கிராமம் கிராமமாகப் பிரித்தெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பசலிக்காரன்:
நீங்கள் பரவாயில்லை. நான் வருடத்தையே தொலைத்தவன். நிலக்கடலைப் பரப்பையும் மழையையும் ஒப்பிடும் ஆய்வு. பயிர்க் கணக்கில் பசலி 1420 என்று இருந்தது; பசலி என்பது வருவாய்த் துறையின் ஆண்டுக் கணக்கு. முதலில் ஹிஜ்ரி என்று நினைத்தேன், சிரிக்காதீர்கள். அப்புறம் யாரோ 2010 என்று சொல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரையான மழையை எடுத்துப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன்.

ஊருக்குப் போனபோது கிராம நிர்வாக அலுவலரிடம் அட்டவணையைக் காட்டினேன். அவர் படிக்கக்கூட இல்லை. "590 கூட்டினீங்களா?" என்றார். கூட்டினேன், 2010தான் வந்தது என்றேன். "சரி, பசலி எந்த மாசம் பொறக்குது?"

ஜூலை 1. அடுத்த ஜூன் 30ல் முடியும். நான் ஒட்டியதில் பாதி மழை முந்தைய பசலிக்கு உரியது. பதினெட்டு வருட அட்டவணையும் போச்சு.

வேப்பங்காற்று:
செந்தாழை, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இதெல்லாம் தேடத் தெரியாததன் விளைவு. என் அனுபவம்: ஒரு துறையின் பழைய கோப்பு கிடைத்தது, அட்டவணையை நகலெடுத்து ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. வானவில் என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. மாற்றினேன், முடிந்தது.

எல்லோருக்கும் பயன்படுமே என்று சொல்கிறேன். கோப்பில் ஒரு சொல்லைத் தேர்வு செய்ய முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் எழுத்துருச் சிக்கல், எழுத்துரு மாற்றி போதும். முடியாவிட்டால் அது வெறும் படம். கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் தமிழையும் படித்துத் தரும், ஆனால் அட்டவணையின் கட்டங்களைக் கலைத்துவிடும். 2010ல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டைப் பயன்படுத்தச் சொல்லி அரசாணை வந்தது, அதற்கு முந்தைய கோப்புகளில் இந்தத் தொல்லை அதிகம். அடுத்து, ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையின்போது சட்டப்பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பைப் படியுங்கள், பாதிப் புள்ளிவிவரம் அதிலேயே இருக்கும். இணைப்பை மட்டும் குறித்து வைக்காதீர்கள், கோப்பையே இறக்கி, இறக்கிய தேதியையும் எழுதுங்கள். தளத்தை மாற்றினால் இணைப்பு செத்துவிடும். எதுவும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பத்து ரூபாய், முப்பது நாள்.

கரிசல்:
"தேடத் தெரியாததன் விளைவு" என்பது எனக்குப் பிடிக்கவில்லை. 2011ல் இல்லாத மாவட்டத்தை எந்தத் தேடலில் எடுப்பீர்கள்? அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவே, யாரும் கேட்காமல் அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டியவற்றைச் சொல்கிறது. அதற்கு மாணவர் ஏன் பத்து ரூபாய் கட்டி முப்பது நாள் காத்திருக்க வேண்டும்? நான் காத்திருந்தேன். இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது: "தகவல் இணையத்தில் உள்ளது." எந்தப் பக்கம் என்று இல்லை.

வேப்பங்காற்று:
மேல்முறையீடு செய்திருக்கலாமே?

கரிசல்:
ஆய்வேடு சமர்ப்பித்து நான்கு நாள் ஆகியிருந்தது ஐயா.

பனைமுனை:
நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கத்தில் தொலைந்தது வருடம் இல்லை, வருடங்கள். 1981 குடிசன மதிப்பீட்டுக்குப் பிறகு 1991ல் எடுக்கவே இல்லை. 2001ல் 25 மாவட்டங்களில் 18ல்தான் முழுதாக எடுத்தார்கள். அடுத்த முழுக் கணக்கு 2012. திணைக்களத்தின் தளத்தில் கிடைத்த இரண்டு எண்களை வைத்து வரைபடம் போட்டேன்: யாழ் மாவட்டம் 8.3 லட்சம், பிறகு 5.8 லட்சம். இரண்டு புள்ளி, நடுவில் கணினி தானாக ஒரு நேர்கோடு இழுத்தது.

மேற்பார்வையாளர் அந்தக் கோட்டில் விரலை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே போனார். 1995 இருக்கும் இடத்தில் நிறுத்தினார். "இந்த இடத்தில நாங்கள் ரோட்டில நடந்துகொண்டிருந்தனாங்கள்" என்றார். அன்றைக்கு மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. கோட்டை அழித்துவிட்டுப் புள்ளிகளை மட்டும் விட்டேன்.

செந்தாழை தங்கச்சிக்கு ஒன்று: 1981ல் கிளிநொச்சியும் யாழ் மாவட்டத்துக்குள்தான் இருந்தது, 1984ல்தான் பிரித்தார்கள். அதை நான் கழிக்கவே இல்லை, எண்ணும் பிழை. எல்லையைப் பார்க்காமல் எண்ணை எடுக்காதீங்கோ.

செந்தாழை:
நன்றி அண்ணா. அந்த விரலை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

வேப்பங்காற்று சார், கோப்பு நன்றாகவே திறக்கிறது, எழுத்துருவும் சரி. என் சிக்கல் வேறு. கணக்கெடுப்பில் இருப்பது வருவாய்க் கிராமம், பள்ளிப் பட்டியலில் இருப்பது ஊராட்சி. பெயர் ஒன்று, பரப்பு வேறு. ஆறு இலக்கக் குறியெண்ணை வைத்துச் சேர்த்துக்கொண்டு வருகிறேன். இரண்டு ஊர் மட்டும் எந்தப் பக்கமும் ஒட்டவில்லை. வாய்மொழித் தேர்வு வியாழக்கிழமை. நாளைக் காலை பேருந்து பிடித்து நேரில் போய்க் கேட்கப் போகிறேன்.